கற்பிப்பவரே பணியும் செய்யட்டும்: வேலூரும் செவிலியர் பட்டப்படிப்பும்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதம் வந்துவிட்டால், ஆசிரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று வேலூரில் குடியிருக்கும் என்னைப் போன்றவர்களின் வீட்டுத் திண்ணைக்கு ஆள் வரத்து அதிகமாகிவிடுகிறது. ஆரணிப் பக்கத்திலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பழைய மாணவர்கள் தங்கள் பெண்களை அழைத்துக்கொண்டு வருகிறார்கள். வர இயலாதவர்கள் தொலைபேசியில் கேட்கிறார்கள். "சார், பாப்பாவ நர்ஸிங் சேர்க்கலாம்னு இருக்கோம், சி.எம்.சி.ல கிடைக்குமா? கிடைக்கலைன்னா வேற எங்க போடலாம்?" என்பது முதல் கேள்வி (சி.எம்.சி. என்பது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி). டிப்ளமோ போதுமா, பட்டம் வேண்டுமா என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வியைச் சற்றுத் தயங்கிய பிறகே, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள்: "கிறிஸ்டியன் காலேஜ் ஆச்சே, மதம் மாத்திடுவாங்களோ?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிவந்ததை ஓரிடத்தில் திரட்டி எழுதிவைத்தால் பலருக்கும் பிரயோஜனமாகும் என்று தோன்றியமையால் இந்த நீண்ட பதிவை எழுதத் துணிந்தேன். அவசரமின்றிப் படிக்க வேண்டுகிறேன். ஒரு பெண்ணின் நாற்பது வருஷ வாழ்க்கையைத் தீர்மானிக்கிற விஷயம் இது.

செவிலியத் தொழிலுக்கும் கிறிஸ்தவ ஸ்தாபனங்களுக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூரில், தியோடோர் ஃப்ளீட்னர் என்ற பாதிரியார் 1836ஆம் ஆண்டு தொடங்கிய சகோதரிகளின் இல்லத்தில்தான், நோயாளிகளைப் பராமரிப்பதைப் பெண்கள் முறையாகக் கற்கும் ஏற்பாடு உருவாயிற்று. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1851இல் அங்கே சென்று பயிற்சி பெற்றார். கிரிமியா யுத்தத்துக்குப் பின்னர் 1860இல் லண்டனில் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையை ஒட்டி அவர் நிறுவிய பள்ளியே நவீன செவிலியக் கல்வியின் ஊற்றுக்கண். அந்தப் பள்ளி பிறந்து பதினோரு ஆண்டுகளில், 1871இல், நமது சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. மேனாட்டில் ஒரு நல்ல காரியம் நிகழ்ந்தால் அது நம்மை வந்தடைய வெகுகாலம் ஆகும் என்னும் பொதுவான அபிப்பிராயத்துக்கு இது ஒரு விலக்கு.

ஆயினும் பயிற்சிக்கு இடம் இருந்ததே தவிர, பயில்வதற்குப் பெண்கள் வரவில்லை. அந்நியருடைய உடலைத் தொடுவது, மலஜலம் எடுப்பது, புண்ணைக் கழுவுவது, இரவு வேளையில் வீட்டுக்கு வெளியே தங்குவது ஆகிய இவை யாவும் குலப் பெண்களுக்கு அடாதவை என்று ஜாதி ஆசாரமும் சமூகக் கட்டுப்பாடும் சேர்ந்து விதித்திருந்த காலம் அது. தாயின் உயிரைக் காக்கும் மருத்துவச்சியைப் பிரசவம் முடிந்ததும் வாசற்படிக்கு வெளியே நிறுத்தி நெல்லை அளந்து போட்டு அனுப்பிய சமூகம், செவிலித் தொழிலையும் அவ்வாறே கருதியதில் வியப்பில்லை. அந்தத் தடையைக் கடந்து முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள். அவர்களுள்ளும் பிழைப்புக்கு வேறு வழியில்லாத விதவைகளும், மிஷன் விடுதிகளில் வளர்ந்த ஏழைப் பெண்களும் பலர். இன்று இந்தியச் செவிலியரை உலகம் தேடி அழைக்கிறது என்று நாம் பெருமைப்படும்போது, அந்தப் பெருமைக்கு அடித்தளம் இட்டவர்கள், தங்கள் காலத்தில் எவராலும் பெருமையாக நினைக்கப்படாத அந்தப் பெண்களே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த வரலாற்றில் வேலூருக்கு உள்ள இடம் விசேஷமானது. சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1870இல் ராணிப்பேட்டையில், அமெரிக்க மிஷனரி மருத்துவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டனாரே 1819இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணப் பகுதியில் மருத்துவப் பணியைத் தொடங்கியவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற காரணத்தால் உதவியின்றி மாண்ட சம்பவமே ஐடாவை மருத்துவம் படிக்கத் தூண்டியது என்பது இவ்வூர்க் குழந்தைகளும் அறிந்த கதையாதலால் அதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899இல் பட்டம் பெற்று, மறு ஆண்டே இங்கு திரும்பி, ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனை எழுந்தது. அதன் பிறகு அவர் செய்த காரியத்தைத்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியது 1918இல். ஆனால் செவிலியர் பயிற்சிப் பள்ளியை, டீலியா ஹவ்டன் என்ற செவிலியின் துணையோடு, 1909ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டார். அதாவது, வேலூரில் மருத்துவக் கல்விக்கு ஒன்பது ஆண்டு மூத்தது செவிலியக் கல்வி. கத்தியைப் பிடிப்பவர் ஒருவர் இருந்தாலும் சமாளிக்கலாம், அறுவைக்குப் பிறகு இரவெல்லாம் பக்கத்திலிருந்து பார்ப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் நோயாளி பிழைக்கமாட்டார் என்பதை, தனியொரு மருத்துவராக நின்று போராடிய அந்த அம்மையார் அனுபவத்தால் உணர்ந்திருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

பின்னர் வந்தது 1946ஆம் ஆண்டு. சுதந்திரத்தின் வாசலில் நின்ற இந்தியாவின் சுகாதார நிலைமையைப் பரிசீலித்த, போர் (Bhore) என்பவர் தலைமையிலான கமிட்டி அந்த ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், இந்த தேசத்தில் 43,000 பேருக்கு ஒரு செவிலியே இருக்கிறார் என்ற உண்மையைக் கண்டவர்கள் திடுக்கிட்டார்கள். நாடு முழுவதற்கும் ஏறக்குறைய 7,000 செவிலியர். அவர்களும் பெரும்பாலும் பட்டணத்து மருத்துவமனைகளில். அதே ஆண்டில்தான், டெல்லியிலும் வேலூரிலுமாக இரண்டு இடங்களில், செவிலியப் படிப்பு பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக உயர்ந்தது. வேலூரில் இருந்த பள்ளி, வேரா பிட்மன் அம்மையார் முன்னின்று நடத்த, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம் தரும் கல்லூரியாயிற்று. இன்று அந்தப் பட்டத்தை வழங்குவது 1988 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். எண்ணிக்கையே போதாத காலத்தில், சீக்கிரமாகப் பலரைத் தயாரிப்பதை விட்டுவிட்டு, நான்கு வருஷம் படிக்கும் பட்டதாரிச் செவிலியர் எதற்கு என்று கேட்டவர்கள் அன்று இருந்திருக்கக்கூடும். அதற்கு விடை காலம் கூறியது: எண்ணிக்கையைப் பெருக்குவதற்குப் பள்ளிகள் வேண்டும், பள்ளிகளுக்கு ஆசிரியைகள் வேண்டும், அந்த ஆசிரியைகளை உண்டாக்கத்தான் அந்தப் பட்டம்.

இனிப் படிப்பின் விவரத்துக்கு வருவோம். செவிலியராவதற்கு இன்று முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஜி.என்.எம். எனப்படும் டிப்ளமோ மூன்று ஆண்டு; பி.எஸ்சி. நர்ஸிங் பட்டம் நான்கு ஆண்டு. டிப்ளமோ முடித்தவர்கள் பிற்பாடு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்ற இரண்டு ஆண்டுப் படிப்பின் மூலம் பட்டத்தை எட்டலாம். அதற்கு மேல் எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு, அதில் மருத்துவ-அறுவைச் செவிலியம், குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் என ஐந்து பிரிவுகள். பட்டப்படிப்புக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்கள் அவசியம். இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த புதிய பாடத்திட்டப்படி 2021-22 முதல் இது எட்டு செமஸ்டர்களாக நடைபெறுகிறது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மருந்தியல், உளவியல், சமூகவியல், ஊட்டச்சத்து என்று தொடங்கி, பிற்பகுதியில் பேறுகாலப் பராமரிப்பு, நிர்வாகம், ஆராய்ச்சி வரை செல்லும். படித்து முடித்தவுடன் மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்த பிறகே பணி செய்யும் உரிமை கிட்டும். அந்தப் பதிவுக்குச் சட்டப்பூர்வமான ஏற்பாடு சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே உண்டாகிவிட்டது.

இந்தப் பட்டியலைக் கேட்டவுடன், "இவ்வளவு தியரி எதற்கு? ஊசி போடவும் கட்டுக் கட்டவும் தெரிந்தால் போதாதா?" என்று வினவுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் ஒரு காட்சியைச் சொல்வது வழக்கம். என் தாயார் பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்து வேலூர் மருத்துவமனையில் கிடந்த நாட்களில், மார்த்தாண்டத்துப் பக்கமிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி அவரைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வருவாள். "பாட்டி, இப்போ இடது பக்கமாத் திருப்பப் போறேன், பயப்படாதீங்க" என்று, பதில் சொல்ல இயலாத அந்தக் கிழவியிடம் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பாள். திருப்பியபின் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையைச் செருகுவாள். முதுகின் அடிப்பகுதியையும் இடுப்பெலும்பையும் தோள்பட்டையையும் வெளிச்சத்தில் பார்ப்பாள். படுக்கை விரிப்பில் ஒரு மடிப்புக்கூட இல்லாதபடி இழுத்துவிடுவாள். பிறகு கட்டிலின் காலடியில் தொங்கும் அட்டையில் நேரத்தைக் குறிப்பாள். ஒரு நாள் அவள் இதையெல்லாம் முடித்துக் கிளம்பும் சமயத்தில், பின்னால் வந்து நின்ற ஆசிரியை, "குதிகாலப் பாத்தியா?" என்று கேட்டார். மாணவி திரும்பி வந்து, போர்வையை விலக்கி, குதிகாலில் தெரிந்த சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் தோலுக்கு அடியில் திசு கெடத் தொடங்கிவிட்டது, அதுதான் படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் என்று ஆசிரியை அங்கேயே, என் தாயாரின் கால்மாட்டில் குனிந்தபடி, தாமே காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவளுக்கு விளக்கினார். கணுக்காலுக்குக் கீழே ஒரு சிறு மெத்தையை வைத்துக் குதிகால் படுக்கையில் படாதபடி செய்துவிட்டு இருவரும் அடுத்த கட்டிலுக்குச் சென்றார்கள். என் தாயார் அங்கே இருந்த காலம் முழுவதும் அவருக்குப் படுக்கைப் புண் வரவில்லை.

இந்தக் காட்சியில் ரத்த ஓட்டம் என்னும் உடலியங்கியல் இருக்கிறது. நினைவு இருக்கிறதோ இல்லையோ என்று ஐயுறத்தக்க ஒரு முதியவளிடமும் சொல்லிவிட்டே தொட வேண்டும் என்னும் உளவியலும் தர்மமும் இருக்கின்றன. நேரத்தைக் குறித்தால்தான் அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவள் தொடர முடியும் என்னும் நிர்வாகம் இருக்கிறது. வகுப்பறையில் தனித்தனிப் பாடங்களாக இருந்தவை கட்டிலருகே ஒரே செய்கையாகின்றன. ஆனால் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது அந்த ஆசிரியையைப் பற்றி. அவர் காலையில் வகுப்பெடுத்தவர். அவரே வார்டிலும் பொறுப்புள்ளவர். வேலூர்க் கல்லூரியில் கல்வியையும் பணியையும் பிரிக்காமல் இணைத்து நடத்துவது நெடுங்கால மரபு. கற்பிக்கிறவர்களே மருத்துவமனையின் செவிலியப் பணியிலும் பொறுப்பு வகிப்பார்கள். ஆதலால் பாடப்புத்தகத்தில் ஒரு முறையும் வார்டில் வேறொரு முறையும் என்ற இரட்டை வழக்கத்துக்கு அங்கே இடம் குறைவு. நோயாளியின் பெயர், மருந்து, அளவு, கொடுக்கும் வழி, நேரம் ஆகிய ஐந்தையும் சரிபார்த்த பிறகே மருந்தைக் கொடுக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னவர், அவசரமான ஒரு காலை வேளையில் தாமும் நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையைப் புரட்டிப் பெயரைப் படித்துவிட்டு மாத்திரையைக் கொடுப்பதை மாணவி காண்கிறாள். கண்டதைத்தான் அவள் வாழ்நாள் முழுவதும் செய்வாள். நூறு மதிப்பெண் பரீட்சையைவிட அந்த ஒரு காட்சிக்குப் பலம் அதிகம்.

அந்தக் கல்லூரியின் பணி மருத்துவமனைச் சுவர்களோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐடா அம்மையார் குடியாத்தம் சாலையோரங்களில் மரத்தடியில் நின்று வைத்தியம் பார்த்த காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. செவிலியர் கல்லூரியே தனக்கென்று ஒரு சமுதாய நலத் திட்டத்தை வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடத்திவருகிறது. மாணவிகள் வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார்கள், குழந்தைகளை எடை போடுகிறார்கள், சர்க்கரை நோயாளியின் காலைப் பரிசோதிக்கிறார்கள். மருத்துவர் பக்கத்தில் இல்லாத இடத்தில், தன் புத்தியை நம்பி, எது வீட்டிலேயே பார்க்கத்தக்கது, எது உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியது என்று தீர்மானிக்கும் யோக்கியதை அங்கேதான் வளர்கிறது. பட்டம் என்பதன் உண்மையான அர்த்தம் இதுவே என்பது என் முடிவு: பிறர் ஏவியதைச் செய்பவளாக இருந்தவளைத் தானே கண்டு, சிந்தித்து, செய்து, செய்ததற்குப் பொறுப்பேற்பவளாக ஆக்குவது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்வது நோக்கமன்று. உறவுக்காரப் பெண் ஒருத்திக்காக ஒரு தனியார் நர்ஸிங் கல்லூரிக்குச் சென்றிருந்தேன். கட்டடம் மிக விசாலமாக இருந்தது. பயிற்சிக்கூடத்தில் உயிருள்ளவை போன்ற பொம்மைகள் படுத்திருந்தன. கணினி அறை குளுகுளுவென்றிருந்தது. "உங்கள் சொந்த மருத்துவமனை எங்கே?" என்று கேட்டேன். பின்புறம் அழைத்துச் சென்றார்கள். வார்டுகளில் கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன, விரிப்புகள் வெள்ளை வெளேரென்றிருந்தன, நோயாளிகள் மட்டும் அங்கொருவர் இங்கொருவராக இருந்தனர். கல்லூரிக்குக் குறைந்தது நூறு படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது கவுன்சிலின் நிபந்தனை. படுக்கைகள் இருந்தன, படுப்பவர்கள் இல்லை. பேருந்தில் ஏற்றி மாணவிகளை வேறு மருத்துவமனைகளுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். அனுப்பப்பட்ட இடத்தில் அந்தப் பெண்களுக்குக் கற்பிக்கும் கடமை யாருக்கும் இல்லாதபடியால், அவர்கள் சுவரோரம் நின்று கேஸ் புக் எழுதிவிட்டுத் திரும்புகிறார்கள் என்பதை அங்கே படித்த பெண்ணே பிறகு என்னிடம் வருத்தத்தோடு தெரிவித்தாள். நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியாதது போலவே செவிலியத்தையும் வார்டுக்கு வெளியே நின்று கற்க முடியாது. நான்கு வருஷத்தையும் தகப்பனாரின் சேமிப்பையும் கொடுத்துவிட்டு, முதல் வேலையில் முதல் இரவு தனியாக நிற்கும்போது கை நடுங்கும் அந்தப் பெண்ணின் நிலை மிகவும் பரிதாபத்துக்குரியது. அவள் கையில் விழும் நோயாளியின் நிலை அதனினும் பரிதாபம்.

இனி, குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் அந்த மூன்றாவது கேள்வி. அதற்கு ஒளிவுமறைவின்றியே பதில் சொல்கிறேன். கிறிஸ்தவ ஸ்தாபனங்கள் தங்கள் நம்பிக்கையை மறைத்துக்கொண்டு நடப்பவை அல்ல. சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை நமது அரசியலமைப்பின் 30ஆம் விதி அவர்களுக்கு அளித்திருக்கிறது. அதே அரசியலமைப்பின் 28ஆம் விதி, அரசாங்க அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிலையத்தில் பயிலும் எவரையும், அவருடைய சம்மதமின்றி, மைனராக இருந்தால் பாதுகாவலரின் சம்மதமின்றி, மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தலாகாது என்றும் விதித்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். காலையில் வார்டில் ஒரு சிறு ஜெபம் நடக்கும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் கீதங்கள் ஒலிக்கும். இடங்களில் ஒரு பகுதி திருச்சபைகளின் பரிந்துரை பெற்றவர்களுக்குச் செல்லும், அவ்வாறு சேர்ந்தவர்கள் படித்து முடித்த பின் சில காலம் தொலைவிலுள்ள மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்றக் கடமைப்பட்டிருப்பார்கள். இவற்றையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, மனம் ஒப்பினால் சேர்ப்பதே முறை. பிறரிடம் பணிவிடை பெறுவதற்கன்று, பிறருக்குப் பணிவிடை செய்வதற்கே என்னும் பொருள்பட அமைந்த வேலூரின் இலட்சிய வாசகம் பைபிளிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த வாசகத்தின்படி நடந்துகொள்வதற்கு இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருப்பது தடையாகும் என்று நான் கருதவில்லை. மருத்துவமனை எதிரே வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய விடுதிகளும் உணவுச்சாலைகளும் வரிசையாக இருப்பதை வேலூருக்கு வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்திறங்கும் நோயாளிகள், தங்களைத் தொட்டுத் தூக்கும் பெண் எந்தக் கோயிலுக்குப் போகிறவள் என்று கேட்பதில்லை. அவள் கை சுத்தமாக இருக்கிறதா, அவள் சொல்வது தங்களுக்குப் புரிகிறதா என்பவையே அவர்களுக்கு முக்கியம்.

ஊதியத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையுள்ளதாகாது. சேவை, தியாகம் என்ற உயர்ந்த சொற்களைச் சொல்லியே செவிலியருக்குக் குறைந்த சம்பளம் கொடுக்கும் வழக்கம் தனியார் மருத்துவமனைகளில் வேரூன்றியிருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டின் 2016ஆம் ஆண்டு உத்தரவின்பேரில் அமைந்த நிபுணர் குழு, இருநூறு படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு ஈடான சம்பளம் தரவேண்டும், ஐம்பது படுக்கைகளுக்குக் குறைந்தவையும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரை செய்தது. பரிந்துரை ஒருபுறமிருக்க, அதற்கு வெகுவாகக் கீழே சம்பளம் பெறும் பட்டதாரிப் பெண்கள் நம்முடைய ஊர்களிலேயே இருக்கிறார்கள். ஆகவேதான் அவர்கள் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் போகிறார்கள். போகிறவர்களை நான் குறை கூறமாட்டேன். வீட்டுக் கடனை அடைத்து, தம்பியைப் படிக்க வைத்து, பெற்றோருக்கு ஓட்டு வீட்டை மாடி வீடாக்கிக் கொடுத்த பெண்களை எனக்கு நன்றாகத் தெரியும். குறை கூறத்தக்கவர்கள், நோயாளியிடம் அறை வாடகையை வாங்கிக்கொண்டு, அவனைக் காப்பாற்றுகிறவளுக்கு நியாயமான கூலி கொடுக்க மனமில்லாதவர்களே. சேவை என்பது பணி செய்கிறவள் தானாக மனமுவந்து அளிக்கும் கொடை. அதைச் சம்பளத்தில் பிடித்தம் செய்துகொள்ளும் உரிமை எந்த முதலாளிக்கும், அவர் எந்த மதத்தின் பெயரால் மருத்துவமனை நடத்தினாலும், கிடையாது.

டிப்ளமோவா பட்டமா என்ற இரண்டாவது கேள்விக்கும் இதற்குள் விடை வந்துவிட்டதாகவே நினைக்கிறேன். நல்ல மருத்துவமனையோடு இணைந்த பள்ளியில் பெற்ற டிப்ளமோ, நோயாளியில்லாத கல்லூரியில் வாங்கிய பட்டத்தைவிட மேலானது. இதில் எனக்குச் சந்தேகமேயில்லை. இரண்டும் நல்ல இடத்தில் கிடைக்குமாயின் பட்டமே சிறந்தது. மேற்படிப்பு, ஆசிரியப் பதவி, வெளிநாட்டுப் பதிவு ஆகிய பல கதவுகள் அதனால் சுலபமாகத் திறக்கும். ஒரு வருஷம் கூடுதலாகச் செலவழிப்பதை எண்ணிப் பின்வாங்க வேண்டாம். குடும்ப நிலைமையால் இப்போது டிப்ளமோதான் இயலும் என்பவர்கள் மனம் தளர வேண்டாம். பின்னால் இரண்டு வருஷம் படித்துப் பட்டம் பெறும் வழி திறந்தேயிருக்கிறது. மேலும் ஒரு வார்த்தை: மருத்துவப் படிப்பு கிடைக்காத குறைக்காகப் பெண்ணை இதில் தள்ளாதீர்கள். டாக்டராக முடியாததால் நர்ஸானவள் என்று வீட்டில் உள்ளவர்களே சொல்லிச் சொல்லி, தன் தொழிலைத் தானே தாழ்வாகக் கருதும்படி ஆன பெண்களைக் கண்டு வருந்தியிருக்கிறேன். நோயாளியின் நாளில் டாக்டர் இருப்பது சில நிமிஷம். மீதியெல்லாம் செவிலியின் பொறுப்பு. அது வேறொரு தொழில், அதற்கு வேறொரு திறமை வேண்டும். சகிப்புத்தன்மையும் கூர்ந்து கவனிக்கும் குணமும் உள்ள பெண்ணாகவோ பையனாகவோ இருந்தால் தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.

ஆகையால், பெற்றோர்களே, பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கிக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போங்கள். அலுவலகத்துக்குப் போகவேண்டாம், வார்டு வராந்தாவுக்குப் போங்கள். காலை ஷிஃப்டு மாறும் நேரத்தில் கட்டில்களில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். மாணவிகளோடு அவர்களுடைய ஆசிரியை நிற்கிறாரா, நின்றால் கையை மடித்துக்கொண்டு நிற்கிறாரா, தாமும் குனிந்து வேலை செய்கிறாரா என்று பாருங்கள். மூன்றாம் வருஷத்து மாணவி ஒருத்தியைத் தனியே அழைத்து, கடந்த வாரம் எத்தனை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டாய் என்று விசாரியுங்கள். சென்ற வருஷம் படித்து முடித்தவர்கள் எங்கே என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடமாயிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். வேலூரில் இடம் கிடைப்பது கடினம். கிடைக்காததால் வாழ்க்கை முடிந்துவிடாது. அரசாங்கக் கல்லூரிகள் இருக்கின்றன. நல்ல மிஷன் மருத்துவமனைகளும் மற்ற நல்ல ஸ்தாபனங்களும் இருக்கின்றன. கற்பிக்கிற கையே பணியும் செய்கிற இடம் எதுவோ, அங்கே உங்கள் பெண்ணைச் சேர்த்துவிடுங்கள். கட்டடத்தின் உயரத்தையும் விளம்பரத்தின் அளவையும் பார்த்துச் சேர்க்காதீர்கள்.